அக்னவோரில் எடுத்த நாற்பது வினாடி

டெரிக் ஹாலமுக்கு ரயில் பிடிக்காது. வண்டி ஓடும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் வயிற்றைப் புரட்டும். இடுப்பு மூட்டு வேறு தேய்ந்து போயிருந்தது. பெட்டியிலிருந்து பிளாட்பாரத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் என் தோளைப் பிடித்துக்கொள்வார். ஆனாலும் நாலு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் எட்டு மணிக்கு முப்பது லட்சம் பேர் அவரவர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து அவர் ரயிலில் போவதைப் பார்த்தார்கள். மலை, ஏரி, பாலம், ஆடு, ஜன்னலோரத்தில் மஞ்சள் மழைக்கோட்டோடு டெரிக்.

அதற்கு முன் பதினாலு வருடம் ஒரு தொடரில் இன்ஸ்பெக்டராக நடித்தவர் அவர். அந்த இன்ஸ்பெக்டர் யாரையும் மிரட்ட மாட்டார். எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தபடி தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கொலைகாரன் தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். தொடர் முடிந்து எத்தனையோ வருடமாகியும் அந்தத் தலைச் சாய்ப்பு அவரை விடவில்லை. அதைப் பார்த்ததும் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். படப்பிடிப்புக்குப் போன ஓர் ஊரில் ஒரு டாக்சிக்காரர், மீட்டர் ஓட ஓட, தன் விவாகரத்துக் கதை முழுவதையும் சொல்லி அழுதார்.

நான் கிர்ஸ்டி, லண்டனுக்கு வெகு வடக்கே இருக்கும் இன்வர்னெஸ்காரி. அந்த நிகழ்ச்சியில் எனக்கு ஆராய்ச்சியாளர் என்று பெயர். வழியில் பேசுவதற்கு ஆட்களைத் தேடிப் பிடிப்பதும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும், டெரிக்கின் வலி மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை.

எல்ஸ்பெத் மன்ரோவைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

வடக்கே, இரண்டு பெட்டி வண்டி நாளைக்கு நாலு தடவை மட்டும் போகும் பாதையில் அக்னவோர் என்று ஒரு நிறுத்தம். ஒரு பெஞ்ச், ஒரு விளக்குக் கம்பம், அதையொட்டி ஒரே ஒரு வீடு. வேண்டுமென்றால்தான் வண்டி நிற்கும். உள்ளே இருப்பவர் கார்டிடம் சொல்ல வேண்டும், வெளியே இருப்பவர் கையை நீட்ட வேண்டும். அந்த ஒற்றை வீடு எல்ஸ்பெத்துடையது. அறுபத்தாறு வயது, நெடுநெடுவென்ற உருவம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். யாரும் கேட்காமலே பிளாட்பாரத்தில் பனி தள்ளுவார், மீன் பெட்டிகளில் பூச்செடி வளர்ப்பார். நான் முதல் தடவை போனில் பேசியபோது, "டிவியா? எங்கிட்ட என்ன இருக்கு? ஒரு செம்மறிக் கெடா தனியா ரயில் ஏறிப் போன கதைதான் இருக்கு" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவர் கேமராவுக்குப் பிறந்தவர் என்று.

மே மாதம். காலையிலிருந்தே தூறல். வண்டியில் கார்டு வந்து, "இன்ஸ்பெக்டர், இன்னிக்கு என் வண்டியில பொணம் எதுவும் இல்லையே?" என்றார்.

"இல்லப்பா. டிக்கெட் விலையைக் கேட்டு யாராவது விழுந்தா சொல்லு, வர்றேன்" என்றார் டெரிக். ஒரு நாளைக்கு ஐந்து பேராவது இதையே கேட்பார்கள். ஐந்து பேருக்கும் முதல் தடவை கேட்ட மாதிரியே சிரித்துப் பதில் சொல்வார். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

பதினொன்றே காலுக்கு அக்னவோரில் இறங்கினோம். டெரிக், நான், இயக்குநர் பிப்பா, கேமராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர். அடுத்த வண்டி இரண்டரைக்கு. எல்ஸ்பெத் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளு ஜன்னல்ல வேடிக்கை பார்க்க இத்தனை பேரா?" என்றார்.

"ஆமாம்மா. ஒருத்தர் வேடிக்கை பார்ப்பாரு, நாலு பேர் நனைவாங்க" என்றார் டெரிக்.

நான் படிவத்தை நீட்டினேன். காற்று தாளைப் பிடுங்கியது. பெஞ்சின்மேல் வைத்து, ஒரு மூலையை எல்ஸ்பெத்தும் ஒரு மூலையை நானும் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். "இங்க எடுக்கறதை நாங்க பயன்படுத்திக்கலாம்னு. வழக்கமா எல்லாரும் போடறதுதான்" என்றேன். அவருடைய மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

பேட்டி அருமையாக வந்தது. கெடா ஏறிய கதை வந்தது. பாதி வழியில் அதற்கு டிக்கெட் போட வேண்டுமா என்று கார்டு தலைமையகத்துக்குப் போன் செய்தது வந்தது. வண்டியை நிறுத்துவது எப்படி என்று டெரிக்குக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"கையைத் தோளுக்கு நேரா நீட்டணும். அரை மனசா நீட்டினீங்கன்னா, டிரைவர் நீங்க சும்மா டாட்டா காட்டறீங்கன்னு நெனச்சுப் பதிலுக்குக் கையாட்டிட்டுப் போயிடுவான்."

டெரிக் நீட்டினார். "இப்படியா?"

"அது ரொம்பப் பெரிய மனுசன் நீட்டற மாதிரி இருக்கு. நிக்க மாட்டான்."

பிப்பா மகிழ்ந்து போனாள். பன்னிரண்டரைக்கெல்லாம் வேலை முடிந்தது. மழை வலுத்ததால் எல்ஸ்பெத் எங்கள் எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். பருப்பு சூப், ஓட்ஸ் ரொட்டி, வெண்ணெய். அடுப்பு வெக்கையில் எங்கள் உடுப்புகளிலிருந்து ஆவி எழுந்தது. கேமராக்காரர் சூப் ஊற்றுவதைப் படம் பிடித்தார். பேட்டிக்கு நடுவே ஒட்டுவதற்கு அப்படிச் சில துண்டுகள் வேண்டும். பிறகு கேமராவை அலமாரி ஓரத்தில், மேசையைப் பார்த்தபடி வைத்துவிட்டுத் தட்டைக் கையில் எடுத்தார். யாரும் மைக்கைக் கழற்றவில்லை.

டெரிக் வெண்ணெய் தடவிக்கொண்டே, "குழந்தைங்க உண்டாம்மா?" என்று கேட்டார். அது நிகழ்ச்சிக்கான கேள்வியே அல்ல. சூப் குடிக்கும்போது யாரும் யாரிடமும் கேட்பதுதான். கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"ஒரு பையன்" என்றார் எல்ஸ்பெத். "ரூரி. இருபத்தோரு வருசமாச்சு, போயி."

நான் அலமாரியைப் பார்த்தேன். கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். 'மிசஸ் மன்ரோ, அது ஓடுது' என்று நாலே வார்த்தை. பிப்பாவைப் பார்த்தேன். அவள் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு விரலைத் தூக்கினாள். விடு, ஓடட்டும் என்று அர்த்தம். நான் வாயைத் திறக்கவில்லை. பிப்பாவுக்குப் பயந்து என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கும் கேட்க வேண்டும் போல இருந்தது.

"இருபத்திரண்டு வயசு அவனுக்கு. அவங்கப்பாவை அடிச்சுட்டான். இதோ, இங்கதான். அவரு கீழ விழுந்தாரு. நான் போய் அவன் கோட்டை எடுத்துட்டு வந்து கையில குடுத்தேன். பிளாட்பாரத்துக்கு நானும் கூடப் போனேன். அவன் கையை நீட்டல. தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். நான்தான் நீட்டி வண்டியை நிறுத்துனேன். ஏறுன்னேன். ஏறிட்டான்."

டெரிக் கத்தியைக் கீழே வைத்தார்.

"அதுக்கு முன்னாடி அவரு அவனை எத்தனை தடவை அடிச்சிருப்பாருன்னு நான் எண்ணினதில்ல" என்றார் எல்ஸ்பெத். "ஏழு வயசுலேருந்து. பெல்ட்டால, வெறகால, கையில கெடச்சதால. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டு இருந்திருக்கேன். அதையெல்லாம் விட்டுட்டு, அவன் அடிச்ச அந்த ஒண்ணைத்தான் எண்ணினேன். தப்பு அவனுது இல்ல. என்னுது. இதை நான் யாருக்கும் சொன்னதில்ல. அவரு செத்தப்ப பாதிரியார் 'நல்ல மனுசர்'னு பேசினாரு. நானும் தலையாட்டினேன்."

பிறகு இன்னும் கொஞ்சம் பேசினார். வருடா வருடம் டிசம்பரில் ஒரு வாழ்த்து அட்டை வரும், கனடா முத்திரை, அனுப்பியவர் முகவரி இருக்காது, உள்ளே ஒரே ஓர் எழுத்து, 'ரூ' என்று மட்டும். அவன் சின்ன வயதில் பன்றிக்குட்டிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தபடி மூக்கைத் துடைக்கக் கையை எடுத்தபோது, சட்டைக் காலரில் இருந்த மைக் விரலில் பட்டது. சிரிப்பு நின்றது.

"இது ஓடிட்டா இருந்துச்சு?"

ஒலிக்காரர் தரையைப் பார்த்தார்.

டெரிக் எழுந்தார். இடுப்பு வலியோடு மேசையைச் சுற்றிப் போய்த் தன் கையாலேயே அவர் மைக்கைக் கழற்றினார். "மிசஸ் மன்ரோ, இது வெளிய போகாது. நான் சொல்றேன். இது என் வார்த்தை."

"நானும் சொல்றேன்" என்றேன்.

பிப்பாவும் தலையை ஆட்டினாள்.

எல்ஸ்பெத் எங்களைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரி, இன்ஸ்பெக்டர்" என்றார். எல்லோருக்கும் இரண்டாவது தடவை சூப் ஊற்றினார்.

அன்று மாலையே குறிப்பில் எழுதினேன்: பன்னிரண்டு ஐம்பதிலிருந்து ஒரு மணி இரண்டு நிமிடம் வரை பயன்படுத்தக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறோம். சிவப்பு எழுத்தில், அடிக்கோடிட்டு எழுதினேன். பதிவுகள் இருந்த பெட்டி லண்டனுக்குப் போனது.

எங்கள் தொழிலில் படம் எடுப்பவர்கள் வேறு, அதை வெட்டி ஒட்டுபவர்கள் வேறு. ஆறு வாரம் கழித்து ஒரு மாலை, எபிசோட் தயார் என்று பார்க்க அனுப்பினார்கள். கெடாக் கதை இருந்தது. கையை நீட்டும் வேடிக்கை இருந்தது. அதற்கு அடுத்ததாகச் சமையலறை. எல்ஸ்பெத்தின் முகம், பின்னால் மெதுவாக ஒரு பியானோ. "அவங்கப்பாவை அடிச்சுட்டான். நான்தான் நீட்டி வண்டியை நிறுத்துனேன். ஏறுன்னேன். ஏறிட்டான்." பிறகு டெரிக்கின் முகம். பிறகு யாருமில்லாத பிளாட்பாரம், மழை. அவ்வளவுதான். நாற்பது வினாடி. பெல்ட் இல்லை, விறகு இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது இல்லை. தப்பு என்னுது என்று அவர் சொன்னது இல்லை.

பிப்பாவுக்குப் போன் செய்தேன். அவள் நார்வேயில், வேறொரு பிரபலத்தைக் கப்பலில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிப்பா, நாம வாக்குக் குடுத்தோம்டி."

"நான் தலையாட்டினேன், கிர்ஸ்டி. வாக்குக் குடுக்கல. இப்ப என் கையில இல்ல. கிரஹாமைக் கேளு."

கிரஹாம் லண்டனில் இருக்கும் தயாரிப்புத் தலைவர். நல்ல மனிதர், எல்லோருடைய பிறந்த நாளையும் ஞாபகம் வைத்திருப்பார். "அந்த எபிசோடோட உயிரே அதுதானம்மா" என்றார். "மத்ததெல்லாம் ஆடும் மலையும். ஆடும் மலையும் எல்லாச் சேனல்லயும் இருக்கு."

"அவங்க வேண்டாம்னு சொன்னாங்க. அதுவும், பாதியை வெட்டிட்டீங்க. அந்த அப்பா அடிச்சதை—"

"செத்துப் போனவரைப் பத்தி அடிச்சாருன்னு போட்டா வக்கீல்கள் ஒத்துக்க மாட்டாங்க. அவரு குடும்பத்துல வேற யாராவது இருப்பாங்க. அதனாலதான் எடுத்தோம். ஜாக்கிரதையாத்தான் பண்ணியிருக்கோம்."

"அப்ப மொத்தத்தையும் எடுத்துடுங்களேன்."

"படிவத்துல கையெழுத்து இருக்கா, இல்லையா?"

இருந்தது. அதை வாங்கியவள் நான்.

டெரிக்குக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாளே லண்டனுக்குப் போனார், நானும் கூடப் போனேன். அதற்கு முன் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கிரஹாமின் அறைக்குள் போனவர், அந்தத் துண்டு இருந்தால் பின்னணிக் குரல் கொடுக்க மாட்டேன் என்றார். கிரஹாம் பொறுமையாகச் சொன்னார்: அந்தத் துண்டுக்குக் குரலே தேவையில்லை, பியானோ போதும். மற்ற இடங்களுக்கு உங்கள் குரல் கிடைக்காவிட்டால் வேறு குரல் போட ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. முகம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

வெளியே வந்த டெரிக் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாலு வருசமா இது என் நிகழ்ச்சின்னு நெனச்சேன், கண்ணு" என்றார். "பேரு என்னுது, மூஞ்சி என்னுது. மேக்கப் போடற பொண்ணுக்கு இருக்கற அதிகாரம்கூட எனக்கு இல்ல. அவளாவது வேண்டாம்னு நெனச்சா பவுடரைப் பூசாம உள்ள வெச்சுக்குவா."

அவர் குரல் கொடுக்க மறுத்தார். அவரைப் போலவே பேசும் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

ஒளிபரப்புக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, எல்ஸ்பெத்துக்குப் போன் செய்தேன். நேரில் போயிருக்க வேண்டும். போகத் தைரியம் இல்லை. என்னென்ன வருகிறது, என்னென்ன வரவில்லை என்று சொன்னேன். தடுக்கப் பார்த்தோம், முடியவில்லை என்றேன். அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"எட்டு மணிக்கு."

"அப்போ எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க."

"மிசஸ் மன்ரோ, நீங்க ஒரு வக்கீலை..."

"இங்கேருந்து வக்கீல் நாப்பது மைல், பொண்ணே. இன்னிக்குப் புதன்கிழமை." போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாயிற்று. நாடே அழுதது என்று திங்கள்கிழமை ஒரு பத்திரிகை எழுதியது. அந்த நாற்பது வினாடியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் போட்டு, அது கைக்குக் கை போயிற்று. அக்னவோரில் இறங்குகிறவர்கள் கூடினார்கள். பெஞ்சில் பூச்செண்டு வைத்தார்கள். கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கையைப் பார்த்து வண்டியை நிறுத்தியும் யாரும் ஏறாததில் டிரைவர்கள் சலித்துப் போனார்கள். சிலர் கதவைத் தட்டி எல்ஸ்பெத்தைக் கட்டிப்பிடித்தார்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான், வேறெப்படிச் சொல்வது?

அதைவிட நல்ல எண்ணம் கொண்ட சிலர் இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். தாயையும் மகனையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று பதினோராயிரம் பேர். மூன்றே வாரத்தில் ரூரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் ஒரு சின்னத் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஒருவன் அவன் பட்டறைக்கே போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா கூப்பிடறாங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்கப்பாவை அடிச்சது நிஜமா?" என்று கேட்டான். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எண்ணெய்க் கையோடு ஒரு நரைத்த ஆள் கேமராவைப் பார்க்கிறான். அம்மாவின் அதே நெடுநெடு உடம்பு. எதுவும் சொல்லாமல் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்துகிறான்.

டிசம்பரில் அட்டை வரவில்லை.

இது எங்களுக்குத் தெரிந்தது பிப்ரவரியில். டெரிக் தனக்கு நிம்மதி இல்லை, போய்ப் பார்க்க வேண்டும் என்றார். இருவரும் காரில் போனோம். ரயிலில் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், அது ஒரு செய்தியாகும். எல்ஸ்பெத் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். மீன் பெட்டிகள் பிளாட்பாரத்தில் இல்லை, கொல்லையில் கவிழ்த்து அடுக்கியிருந்தன. பூச்செடியோடு அதைப் படம் எடுக்க வருகிறார்கள் என்று எடுத்துவிட்டாராம்.

டெரிக் உட்காரவில்லை. "நான் வாக்குக் குடுத்தேன். காப்பாத்தல. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

"உங்களால என்ன செய்ய முடியும்?" என்றார் எல்ஸ்பெத். "நீங்க அங்க பெரிய ஆளுன்னு நெனச்சேன். அது என் தப்பு."

டெரிக்கின் முகம் சிவந்தது. அவர் சொன்னார்: காலை நேர நிகழ்ச்சி ஒன்றில் நேரலையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேரலையில் யாரும் வெட்ட முடியாது. அங்கே உட்கார்ந்து அன்று நீங்கள் சொன்னது முழுவதையும், அந்தப் பெல்ட்டையும் கதவையும் சேர்த்து, நாட்டுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எல்ஸ்பெத் வேகமாக மறுத்துத் தலையசைத்தார். "வேண்டாம். போதும், இன்ஸ்பெக்டர். நல்லதுக்குன்னாலும் இனி என் வீட்டைப் பத்தி யாரும் பேச வேண்டாம். நீங்க பேசுனா, அவன் பட்டறைக்கு மறுபடியும் போனைத் தூக்கிட்டுப் போவாங்க. 'உங்கப்பா உன்னை அடிச்சாராமே'ன்னு அவன் பொண்ணுங்க முன்னாடி கேட்பாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டெரிக் பேசினால் அது செய்தி. பேசாவிட்டாலும் அந்த நாற்பது வினாடி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து இரு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எல்ஸ்பெத் என்னைக் கேட்டார். "கிர்ஸ்டி, அன்னிக்கு எடுத்தது பூரா உங்ககிட்ட இருக்குமில்ல? வெட்டாதது?"

"இருக்கும்."

"அதை எனக்குக் குடு. நான் அவனுக்கு அனுப்பறேன். தப்பு அவனுது இல்லன்னு நான் சொன்னேனில்ல? அது அவன் காதுல விழணும். இப்ப எழுதி அனுப்பினா, டிவியில மானம் போன பிறகு பூசி மெழுகறேன்னு நெனைப்பான். அன்னிக்கே சொன்னேன்னு அவன் பாக்கணும். இருபத்தோரு வருசத்துல ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னேன். அது உங்க பெட்டியிலதான் இருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடிய மாதிரி இருந்தது. கடைசியில் என்னால் செய்ய முடிந்த ஒன்று கிடைத்துவிட்டது. "நாளைக்கே எடுத்துத் தர்றேன்" என்றேன். இன்னொரு வாக்கு.

மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்து லண்டனுக்குக் கேட்டார்கள். பதில் மூன்று வரியில் வந்தது. எபிசோட் ஒப்படைத்து மூன்று மாதம் ஆனதும் மூலப் பதிவுகளை அழித்துவிட்டு, அவை இருந்த வட்டுகளை அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுப்பது வழக்கம். அந்தத் தொடருடையது நவம்பரில் அழிக்கப்பட்டது. ஒலிக்காரரை, கேமராக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர்களிடமும் பிரதி இல்லை. பன்னிரண்டு நிமிடம் அவர் பேசியதில் உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த நாற்பது வினாடிதான்.

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று இந்தத் தடவை நேரில் போனேன். டெரிக்கும் வந்தார். எல்ஸ்பெத் கேட்டுக்கொண்டார். "எரிச்சுட்டீங்களா?" என்றார்.

"அழிச்சுட்டு, அதுமேல வேற எடுத்திருக்காங்க."

"என்ன எடுத்திருக்காங்க?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நாய்களுக்கு முடி வெட்டும் போட்டி.

கடைசியில் டெரிக்தான் சொன்னார், நாம் இரண்டு பேரும் அங்கே இருந்தோம், கேட்டோம், சாட்சியாகக் கடிதம் எழுதலாம் என்று. அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. எங்களுக்கு வார்த்தைகள் சரியாக ஞாபகம் இல்லை. ஏழு வயதிலிருந்து என்று சொன்னார் என்றேன் நான். எட்டு என்றார் டெரிக். "வசனத்தை மறக்காம இருக்கறதுதான் எனக்குப் பொழப்பே" என்று தலையில் அடித்துக்கொண்டார். இருவரும் எல்ஸ்பெத்தைப் பார்த்தோம்.

"எனக்குத் தெரியல" என்றார் அவர். "அன்னிக்கு வந்துச்சு, சொன்னேன். இப்ப நீங்க சொல்றதைக் கேட்டா, நான் அப்படிச் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. பேசிப் பேசிப் பழகின விஷயமா அது?"

இருந்தாலும் எழுதினோம். நாலு பக்கம். கேட்டது இவ்வளவு, உறுதியாகத் தெரியாதது இவ்வளவு என்று பிரித்து, நேர்மையாக எழுதினோம். அடியில் எல்ஸ்பெத் இரண்டு வரி சேர்த்தார். என்ன எழுதினார் என்று நாங்கள் பார்க்கவில்லை. அந்தக் குழுக்காரர்கள் ஊருக்கே காட்டிவிட்ட பட்டறை முகவரிக்கு அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து, ஆள் இங்கே இல்லை என்ற முத்திரையோடு உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. பட்டறையை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டானாம். இந்தத் தடவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டாம் என்று எல்ஸ்பெத் எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

டெரிக் அந்த வருடத்தோடு நிகழ்ச்சியை விட்டார். இப்போது ஒரு நடிகை அதே மஞ்சள் கோட்டில் ஜன்னலோரம் உட்காருகிறார். நல்லவிதமாகத்தான் செய்கிறார். நான் அந்தத் தொழிலில் இல்லை. இன்வர்னெஸில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் படிவம்தான். ஆனால் கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுவேன். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பழைய எபிசோட்களை ஏதாவது ஒரு சேனலில் ஞாயிறு மதியங்களில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் விற்றிருக்கிறார்கள். ஒரு தடவை பல் டாக்டரிடம் காத்திருந்த அறையில், சத்தத்தைக் குறைத்து வைத்த டிவியில் எல்ஸ்பெத்தின் முகம் வந்தது. எழுந்து வெளியே போய் மழையில் நின்றேன்.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், எல்ஸ்பெத்துக்குப் போன் செய்தேன். மாதம் ஒரு தடவை பேசிக்கொள்வோம். டெரிக்குக்கு இடுப்பு அறுவை நல்லபடி முடிந்ததா என்று விசாரித்தார். கூரையில் தகரம் பெயர்ந்து, பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து அடித்துக் கொடுத்ததைச் சொன்னார். தகரத்தைவிட அவர் போட்ட ஆணிச் சத்தத்தில்தான் வீடு இடிந்துவிடும் போல இருந்தது என்று சிரித்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அட்டை எதாவது வந்துச்சா?"

"தபால்காரர் இனிமேதான் வரணும்" என்றார்.

மணி அப்போது மாலை நாலரை. வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. அந்தப் பக்கமெல்லாம் தபால் வண்டி காலை பதினோரு மணிக்கே வந்து போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரி" என்றேன். பிறகு அவர் பனி எப்போது விழும் என்று பேச ஆரம்பித்தார்.